பட்டு சுற்றிய குழாய்

ஐயம்பேட்டை சாலையோரத்து மெக்கானிக் அவர். நரைத்த மீசை, கிரீஸ் அப்பிய காக்கிச் சட்டை. யார் வண்டியானாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார்.

எங்கள் பழைய வேன் நின்ற இடத்திலேயே உதறிக்கொண்டிருந்தது. அன்று காலை ஆக்சிலேட்டரை மிதிக்காமலே பாய்ந்து, புடவைக்காகத் தெருவில் நீட்டிக் கட்டியிருந்த பட்டுப் பாவுக்கு ஒரு முழம் முன்னால்தான் நின்றது.

அவர் இன்ஜினை ஓடவிட்டு, ஒரு ரப்பர் குழாயைக் கைக்குள் பொத்தினார். உதறல் அடங்கியது. கையை எடுத்ததும் மறுபடி உதறியது. அந்த இடத்தில் விரிசல். அதன்மேல் என் மச்சான் பட்டு நூலை நெருக்கமாகச் சுற்றி முடிந்திருந்தான்.

“ஒரு இழைகூட பிசகலயேண்ணா,” என்றான் மச்சான், விட்டுக்கொடுக்காமல்.

“கட்டு நல்லாத்தான் இருக்குதுபா. ஆனா காத்து நூலுக்கு நடுவுல பூந்து உள்ள போய்க்கினு இருக்குது. அதான் வண்டி தானா எகிறுது.”

நூலை அறுக்க நான் பிளேடை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, முடிச்சைப் பார்க்காமலே ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். நூல் அறுபடாமல் முழுசாகக் கழன்று வந்தது.

புதுக் குழாயோடு வண்டி சாதுவாகத் திரும்பியது. மச்சான் போட்டது நெசவு முடிச்சு. தறியில் பழகிய விரலுக்குத்தான் அது அப்படி அவிழும். அவரும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு தெருவில் நெய்தவர்தான்; செருப்பைக் கழற்றுவதும் தறியில் உட்காரும் பழக்கம்தான்.