ஷேல் பாறைக்குள் ஏரி இல்லை

இரண்டாயிரத்துப் பத்துக்கு ஓரிரு வருடம் முன்பு, சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையில் இருந்தேன். நிலவியலில் பட்டம் வாங்கியிருந்தும் வெளியூர் வேலைக்கு அனுப்ப அத்தாவுக்கு மனசில்லை. விருதுநகரிலிருந்து காலையில் பஸ்ஸில் போய் மாலையில் திரும்பலாம் என்பதால் இதற்கு மட்டும் சம்மதித்தார்.

ஒரு நாள் கல்லூரிப் பாடநூல் ஒன்று வந்தது. அதில் ஒரு வரி: ‘ஷேல் பாறையின் நடுவே எரிவாயு ஏரிபோலத் தேங்கி நிற்கிறது, துளையிட்டதும் மேலே வந்துவிடும்.’ சிவப்பு மையால் சுழித்து, தவறு என்று ஓரத்தில் எழுதினேன். மேனேஜர் அந்தத் தாளோடு வந்தார்.

“எழுத்துப் பிழை பாக்கத்தானம்மா உன்னய வச்சிருக்கு. கையெழுத்தப் போடு, அச்சு பிளேட்டுக்குப் போகணும்.”

“தப்புன்னு தெரிஞ்சு போட மாட்டேன் அண்ணாச்சி.”

“காலேஜ் வாத்தியாரு எழுதுனது தப்பா?”

“அவர்ட்டயே கேப்போம்.”

பயந்து பின்வாங்குவேன் என்று நினைத்தாரோ என்னவோ, அவரே நூலாசிரியருக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினார்.

“நான் முப்பது வருஷம் பாடம் எடுத்தவன்மா” என்றது எதிர்முனை.

“சரிங்க சார். ஏரியா இருந்தா, தண்ணிய அடிச்சு அந்தப் பாறைய ஏன் உடைக்காங்க? துளை போட்டாலே போதுமே.”

படித்ததைச் சொன்னேன். களிமண் இறுகி உண்டான அந்தப் பாறையின் நுண்துளைகள் கண்ணுக்கே தெரியாதவை. ஒன்றுக்கொன்று சரியான வழியும் கிடையாது. வாயுவில் ஒரு பகுதி துளைகளில் அடைபட்டிருக்கிறது. மறுபகுதி, பாறையோடு புதைந்த பழைய உயிர்ப்பொருளின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விரிசல் உண்டாக்கினால் அடைபட்டது முதலில் வெளியேறும். அழுத்தம் குறையக் குறைய, ஒட்டியிருந்தது விடுபட்டு மெல்லக் கசிந்து விரிசலுக்கு வரும். அதனால்தான் அந்தக் கிணறுகள் தொடக்கத்தில் வேகமாகத் தந்து, சீக்கிரமே தளர்ந்து, பிறகு நெடுங்காலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகின்றன.

“அந்தப் பக்கத்த நிறுத்தி வைங்க. மாத்தி அனுப்புறேன்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் ஃபேக்ஸ் வந்தது. ஏரி போய்விட்டது, ஆனால் வாயு ‘ஊற்றுப்போல’ ஓடியது. அதையும் சுழித்துத் திருப்பி அனுப்பினேன். மூன்றாவது முறை சரியாக வந்த பிறகே கையெழுத்துப் போட்டேன்.

பாடநூல்களை என் மேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். சீசன் முடியும்வரை காலண்டர்களில் ராகுகாலம் சரிபார்த்தேன். சீசன் கடைசியில் மேனேஜர் ஓர் இயற்பியல் நூலைக் கொண்டுவந்து நின்றார்.

“இதுலயும் அந்த மாதிரி மல்லுக்கு நிக்க மாட்டியே?”

“தப்பு இருந்தா நிப்பேன் அண்ணாச்சி” என்றேன்.

நூலை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.