ஹெல்மெட் குருவிக் கூட்டுக்குப் போட்ட கட்டு

1981ஆம் ஆண்டின் நாட்காட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் ஞாயிற்றின் கட்டத்தில் என் கையெழுத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "ஓடைக் கூடு. இரண்டு குஞ்சும் செத்துவிட்டன. கிளை அறுக்கப்பட்டிருக்கிறது. மழை இல்லை." மழை இல்லை என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. காற்றும் மழையும் கிளையை முறித்துவிட்டன என்று பின்னால் யாரும் சொல்லிவிடக் கூடாது என்று அப்போதே நினைத்தேன். நினைத்தபடியே சொன்னார்கள்.

அந்தக் காலத்தில் நான் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் கிராணி. ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுப் பறவைகளைப் படம் பிடிப்பேன். தோட்டத்தில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் இரண்டே பேர். நான் ஒருவன். மற்றவர் தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரசர். டாக்டர் எப்போதாவதுதான் மலை ஏறி வருவார். மற்ற நாட்களில் மருந்து கொடுப்பதும், காயத்துக்குக் கட்டுப் போடுவதும், வேலைக்குப் போக முடியாதவர்களுக்கு எம்.சி. என்கிற விடுப்புச் சீட்டு எழுதித் தருவதும் டிரசரின் பொறுப்பு. பெரும்பாலும் எழுத மாட்டார். தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்துக் காலத்தில் கத்தி பட்டுக் கையைக் கிழித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு மருந்து வைத்துக் கட்டி, "நாளைக்கு வேலைக்குப் போலாம்" என்று அனுப்பிவிடுவார்.

கட்டு மட்டும் அழகாகப் போடுவார். துணியின் நுனியை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, எதிரெதிராகச் சுற்றி, கடைசியில் முயல் காது மாதிரி இரண்டு நுனிகளை நிமிர்த்திவிடுவார். தோட்டத்தில் அந்தக் காதைத் தன் உடம்பில் சுமக்காத ஆள் கிடையாது. என் முழங்காலிலும் ஒருமுறை இருந்தது.

எங்களுக்குள் நல்ல பழக்கம்தான். ஃபிலிம் சுருள்களைச் சேர்த்தே ஈப்போவுக்குக் கழுவ அனுப்புவோம். ஒரு வாக்கும் இருந்தது. எவ்வளவு நல்ல படம் கிடைப்பதாக இருந்தாலும் கூட்டைத் தொடுவதில்லை, கூட்டை மறைக்கும் இலையையும் வெட்டுவதில்லை. அந்த வாக்கை முதலில் சொன்னவர் அவர்தான்.

ஹெல்மெட் குருவியின் கூட்டை அவருக்குக் காட்டியவன் நான். பச்சை உடம்பு, நீண்ட நீல வால், மஞ்சள் முகம், அதற்கு மேல் கறுப்புத் தொப்பி. மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் ஹெல்மெட் மாட்டத் தொடங்கிய பிறகு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஒரு ஓடை உண்டு. அதன் மேல் நீண்ட கிளையின் நுனியில், வேரும் பாசியும் சேர்த்துப் பின்னிய பை போலக் கூடு தொங்கியது. மிக உயரம், மிக இருட்டு. ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பூச்சி கொண்டுவந்தன. நான் எடுத்தவை எல்லாம் மங்கல். ஆனால் குஞ்சுகள் வாய் திறக்கும் சத்தம் கீழே நின்றால் கேட்கும். அவை பறந்து போவதைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அந்த மாதம் முழுவதும் என் ஆசையாக இருந்தது.

அந்த ஞாயிறு கேமராவில் ஃபிலிம் இல்லை. வெறுமனே பார்க்கத்தான் போனேன். கூடு என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. கிளையை அறுத்து இறக்கி, வெளிச்சம் விழும் பக்கமாக ஒரு மூங்கில் கம்பில் கட்டி நட்டிருந்தார்கள். சுற்றியிருந்த பெரணி எல்லாம் மழிக்கப்பட்டுக் கிடந்தது. கட்டிய துணி ஆஸ்பத்திரித் துணி. வெள்ளை தெரியாமலிருக்கச் சாயத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தார்கள். அதன் மேல் இரண்டு காதுகள் நிமிர்ந்து நின்றன. கூட்டுக்குள் விரல் விட்டுப் பார்த்தேன். எறும்பு மொய்த்திருந்தது.

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன்.

"நான் அந்தப் பக்கம் போயி ரெண்டு வாரம் ஆச்சு கிராணி" என்றார். "காத்துல கெளை முறிஞ்சிருக்கும். மேல மழை பெஞ்சிருக்கும்லா."

"முறிஞ்ச கெளை தானா மூங்கில்ல கட்டிக்குமா?"

"எவனாச்சும் பையனுங்க வெளையாண்டிருப்பானுங்க. ஒரு குருவிக்குப் போயி இவ்ளோ பேசுறீங்க."

வாயால் மறுப்பவரிடம் வாயால் வாதாடிப் பயனில்லை என்று திரும்பி வந்தேன். ஃபிலிமோடு மறுநாள் வேலை முடிந்து ஓடைக்குப் போனபோது கம்பும் இல்லை, துணியும் இல்லை, கூடும் இல்லை.

அந்த ஆண்டு முடிவதற்குள் தானா ராத்தா டவுனில் ஒரு போட்டோ கடையின் கண்ணாடிக்குள் டிரசர் எடுத்த பெரிய படம் ஒன்று வந்தது. வாயில் பச்சை வெட்டுக்கிளியுடன் தாய்க் குருவி. கூட்டு வாயிலில் இரண்டு மஞ்சள் வாய்கள். ஒவ்வொரு இறகும் தெரிந்தது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். டிரசரைக் கேட்டால், தூரத்திலிருந்து பெரிய லென்ஸில் எடுத்தது, கூட்டின் பக்கமே போகவில்லை, எல்லாம் பொறுமைதான் என்பார். தோட்ட மேனேஜரான பெரியதுரை ஆஸ்பத்திரிக்கே வந்து அவர் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கடைக்கு எதிர்ப்புறமாக நடந்தேன். அந்த இரண்டு வாய்களும் படம் எடுத்த மறுநாளோ அதற்கு மறுநாளோ மூடிப்போனவை என்று யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் தெரியவைக்க வேண்டும், அதுவும் அவர் வாயை அடைத்துவிட்டுத் தெரியவைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அவசரப்படவில்லை. அவருடன் முன்போலவே சிரித்துப் பேசினேன்.

1983 பொங்கலுக்கு வாய்ப்பு வந்தது. விளையாட்டுப் போட்டிகள் முடிந்து பொழுது சாய்ந்ததும் தோட்டத்து மண்டபத்தில் டிரசரின் பறவைப் படங்களைத் திரையில் காட்டுவது என்று விழாக் குழு தீர்மானித்தது. ஸ்லைடு மிசின் தொழிற்சாலையைச் சேர்ந்தது. அதை ஓட்டத் தெரிந்தவன் நான். முதல் நாளே அவர் ஸ்லைடுகளைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"தலைகீழாப் போட்டுறாதீங்க கிராணி. என் மானம் போயிரும்."

"ஒங்க மானம் என் பொறுப்பு டிரசர்" என்றேன்.

அவர் போனதும் ஹெல்மெட் குருவியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அட்டைச் சட்டத்துக்குள் படத்தின் மேல்பகுதியை ஒரு கறுப்பு டேப் மறைத்திருந்தது. கடைக்காரருக்குப் படம் போடக் கொடுத்தபோதும் அப்படித்தான் கொடுத்திருப்பார். பிளேடு நுனியால் மெதுவாக உரித்தேன். நான் எதிர்பார்த்தது அங்கே இருந்தது.

மண்டபம் நிறைந்திருந்தது. திரைக்கு ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பைக் கட்டியிருந்தார்கள். பெரியதுரை முன்வரிசையில் இருந்தார். டிரசர் மைக்கில் ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் சொன்னார். ஹெல்மெட் குருவியைக் கடைசியில் வைக்கச் சொல்லியிருந்தார். வைத்தேன்.

"இந்தப் படத்துக்கு நான் கூட்டுப் பக்கமே போகல. தூரத்துல ஒளிஞ்சி நின்னு..." என்று தொடங்கிவிட்டு, ஜனங்களைப் பார்த்தபடியே பேசிக்கொண்டு போனார். முதுகுப்பக்கம் திரையில் என்ன தெரிகிறது என்று அவர் பார்க்கவில்லை.

கொழுந்தெடுக்கும் பெண்கள் பக்கத்திலிருந்து முதல் குரல் வந்தது.

"அக்கா, மேல பாரு. அது என்னா, முயல் காது மாரி?"

"அடியே, அது நம்ம டிரசர் கட்டுடீ!"

கவ்வாத்து வெட்டுகிற ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். "கைய வெட்டிக்கிட்டுப் போயி எம்.சி. கேட்டேன், இல்லன்னாரு. மரத்துக்கு மட்டும் எவ்ளோ பெரிய கட்டு!"

"மரத்துக்கு எம்.சி. குடுத்தீங்களா டிரசரே?"

"குருவி நாளைக்கு வேலைக்குப் போலாமாலா?"

மண்டபம் அதிர்ந்தது. பெரியதுரை பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். அவர் தன் மணிக்கட்டில் கட்டுப் போடுவது போல் சுற்றிக் காட்டி, இரண்டு விரல்களை நிமிர்த்தினார். துரைக்குப் புரிந்தது. டிரசர் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

"அடுத்த படம் போடுங்க கிராணி."

"மிசின் சிக்கிக்கிச்சு டிரசர்."

சிக்கவில்லை. விரலைப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டு நின்றேன். சிரிப்பு சற்று அடங்கியதும், மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன்:

"கெளைய அறுத்துக் கீழ கட்டுனீங்களே, அந்தக் குஞ்சுங்க என்னா ஆச்சு?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. திரையில் அந்த இரண்டு வாய்களும் திறந்தபடி இருந்தன. அவர் மைக்கை மேசையில் வைத்துவிட்டுப் பக்கவாசல் வழியாக வெளியே போனார். அவர் போன பிறகும் படத்தை மாற்றவில்லை. எல்லோரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று விட்டுவைத்தேன்.

அதன் பிறகு அவர் லயத்துப் பக்கம் நடந்தால் பிள்ளைகள் தலைக்கு மேல் இரண்டு விரல்களை நிமிர்த்திக் காட்டின. கடைக் கண்ணாடியிலிருந்த படத்தை அவரே போய் எடுத்துக்கொண்டார். ஓடையில் அறுபட்ட கிளையின் அடி, கத்தி பட்ட இடம் கறுத்து, வெகுகாலம் இருந்தது. பழி தீர்த்தவனுக்கு நிம்மதி இராது என்று படித்திருக்கிறேன், ஒன்றல்ல, பல நூல்களில். எழுதியவர்கள் யாரும் பழி தீர்த்திருக்க மாட்டார்கள். நான் நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்ததும் அந்தச் சிரிப்பை இன்னொருமுறை நினைத்துக்கொள்வேன், தேநீருக்கு முன்னால்.

அந்த ஆண்டின் நடுவில் டிரசர் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு மாற்றலாகிப் போனார். லோரியில் சாமான் ஏற்றும்போது நான் தொழிற்சாலை வாசலில் நின்று பார்த்தேன். என்னால்தான் போகிறார் என்று எனக்கு ஐயமே இருக்கவில்லை. பல ஆண்டுகள் அப்படியே நம்பினேன்.

1989இல், தோட்டத்துப் பெரிய ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரைக் கோலா தெர்லாவில் ஒரு கல்யாண வீட்டில் சந்தித்தேன். டிரசரின் மனைவிக்கு மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றும், டிரசர் அந்தப் பொங்கலுக்கு முன்பே மாற்றல் கேட்டு எழுதியிருந்தார் என்றும் அவர் சொன்னார். கடிதத்தைக் கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்ததில்லை, பேசிக்கொண்டதைக் கேட்டதுதான் என்றார். எந்த மாதம் என்று கேட்டேன். நினைவில்லை என்றார். அந்தக் காலத்துக் கோப்புகளைத் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. டிரசர் மாற்றல் கேட்டது அந்த மாலைக்கு முன்பா, பின்பா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிப்படவில்லை.