சாய்ந்து துள்ளும் எழுத்தில் ஒரு பெயர்ப் பலகை

இன்று வில்லியனூரில் பேனர் கடையில் ஜெராக்ஸுக்காகக் காத்திருந்தேன்.

பக்கத்தில் ஷமீமா அக்காவும் அவர் கணவரும் போர்டுக்கு எழுத்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷம் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்தவர், மூலக்குளத்தில் முதல்முறையாகக் கடை திறக்கிறார்.

அக்காவுக்குப் பிடித்தது வலப்பக்கம் சாய்ந்து, வால் சுருண்டு, துள்ளி ஓடுவது போன்ற எழுத்து.

"இன்னா இது, பல்லி வாலு மாரி? பஸ்ல போறவன் எப்படிப் படிப்பான்?" என்றார் கணவர்.

"பஸ்ல போறவனா ஜாக்கெட் தெச்சிக்கப் போறான்?"

கடைக்காரர் 'ஷமீமா' என்ற பெயரை மட்டும் நேர் எழுத்தில் ஒன்று, சாய்ந்த எழுத்தில் ஒன்று என்று பிரிண்ட் எடுத்து வாசலில் ஒட்டினார். நாங்கள் உள்ளே நின்று பார்த்தோம்.

நேர் எழுத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. காய்கறிப் பையோடு வந்த ஒரு பெண் சாய்ந்த எழுத்தின் முன்னால் நின்றார்.

"இன்னா எழுதிக்கீதுன்னு படிங்கம்மா" என்றார் கணவர்.

"படிக்க வரலபா."

கணவர் அக்காவைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆனா ஜாக்கெட் கடை தானே? கழுத்துக்கு வெக்கிற டிசைன் மாரியே கீதே" என்றார் அந்தப் பெண்.

கணவர் கடைக்காரரிடம் திரும்பினார்: "பேரு சாஞ்சே இருக்கட்டும். போன் நம்பர மட்டும் நிமித்திப் போடுபா."

உங்கள் பெயர் சாய்ந்து நின்றால் அது என்ன கடை என்று நினைப்பார்கள்? என் பெயரையும் அதே எழுத்தில் அடித்துப் பார்த்த கடைக்காரர், பேக்கரி என்கிறார்.