புது டிரைவர்

முடிச்சூர் வீட்டில் அன்று காலை லினக்ஸை அப்டேட் செய்ததும் என் லேப்டாப்பின் திரை இருண்டுபோனது. திரையில் படம் காட்டுகிற கிராபிக்ஸ் டிரைவர் என்கிற மென்பொருள் புதிதாக மாறியிருந்தது. போனில் இணையத்தைத் தேடினேன்; ஒருவன் சொன்ன கட்டளையை இன்னொருவன் "செய்யவே செய்யாதே" என்று வேறொரு கட்டளை சொன்னான். எரிச்சலில் இரண்டு பேர் சொன்னதையும் செய்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மட்டும் வந்து பல்லிளித்தன.

தாம்பரம் கம்ப்யூட்டர் கடைக்காரர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "லினக்ஸா? பேஜார் சார். விண்டோஸ் போட்டுடலாம்" என்றார். என் லேப்டாப்பில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்ல இவர் யார்?

வீடு திரும்பி, மொட்டைமாடியில் நின்று நண்பனிடம் போனில் கத்தினேன். "எல்லாம் இந்தப் புது டிரைவரால! வந்த அன்னிக்கே என் உசுர வாங்கிட்டான்!"

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா, என் மகளின் பள்ளி வேன் டிரைவரைச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். "புது ஆளே வேணாம் தம்பி. பழைய டிரைவரையே திரும்பக் கூப்பிடுங்க. அவரு ஒரு நாளாவது தகராறு பண்ணியிருக்காரா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று கீழே இறங்கினேன். பாதிப் படியில் கால் நின்றுவிட்டது. நாள் முழுக்கப் புதியதையே அழித்து அழித்துப் போட்டேனே தவிர, பழையது என் நினைவுக்கே வரவில்லை.

பழைய டிரைவரைப் போட்டதும் திரை வந்துவிட்டது. கோபம்தான் போகவில்லை.

மறுநாள் அக்கா கேட்டார்: "பழைய டிரைவர் வந்துட்டாரா தம்பி?"

"வந்துட்டாரு" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.