ஆர்வில் வண்டியின் வலது சீட்

லெஸ்டர் டூடெக் எழுபத்துமூன்று வயதுவரை யாரிடமும் தலைகுனிந்து எதுவும் கேட்டதில்லை. அந்த ஆகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமை, ஒரு காருக்காக, ஆர்வில் யான்சி வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டி வந்தது.

மில்ஃபோர்க்கில் கார் சீட் தைக்கிற ஆலை ஓடிய காலத்தில் இருவருக்கும் அடுத்தடுத்த மெஷின். 1965 வேலைநிறுத்தம் பதினோரு மாதம் நடந்தது. மூன்றாவது மாதமே ஆர்வில் மறியலைத் தாண்டி வேலைக்குப் போனான். அதோடு விட்டானா? கருங்காலிக் கூலியில் கூரை மடக்குகிற புத்தம்புது நீலப்பச்சை இம்பாலா கார் ஒன்றை வாங்கி, கூரையைத் திறந்துபோட்டு, மறியல்காரர் மூஞ்சிக்கு நேரே ஓட்டிப் போனான். மறியல் கேப்டன் லெஸ்டர். கொடிக்கம்பால் கதவில் ஓங்கி ஒரு போடு போட்டான். அன்று சாயங்காலமே துண்டறிக்கை எழுதினான்: ‘கருங்காலியோடு பேசாதே. அவன் முகத்தைப் பார்க்காதே. அவன் வண்டியில் ஏறாதே.’

வேலைநிறுத்தம் தோற்றது. பிறகு ஆலையும் போயிற்று. துண்டறிக்கை மட்டும் ஊரில் நிலைத்துவிட்டது.

இப்போது வந்தது, மறியலில் கூட நின்ற ஸ்டாஷுக்காக. சீட்டுக்குப் பசை தடவியே நுரையீரலைப் பறிகொடுத்தவன், மூக்கில் ஆக்சிஜன் குழாய். திங்கட்கிழமை தொழிலாளர் தின ஊர்வலம்; அங்கே அது மே மாதமில்லை, செப்டம்பர் முதல் திங்கள். “வேன்ல பொட்டலமாட்டம் அடைச்சுக் கொண்டுபோகாத லெஸ். திறந்த வண்டி கொண்டா. சனம் என்னைப் பாக்கட்டும். அடுத்த வருஷம் நான் இருக்கமாட்டேன்” என்றான். லெஸ்டர் வாக்குக் கொடுத்துவிட்டான். சுற்றுவட்டாரத்தில் விலைக்கு இருந்த திறந்த வண்டி ஆர்வில் வண்டி ஒன்றுதான். ஞாயிறுக்குள் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்பது அவன் கணக்கு.

ஆர்வில் கொட்டகைக் கதவைத் திறந்தான். கண்ணில் புரை விழுந்திருந்தது. குரலை வைத்தே ஆளைக் கண்டுகொண்டான்.

“வாடா கேப்டன்! கம்பு கொண்டாந்திருக்கியா?”

“வண்டி பாக்க வந்தேன்.”

“நல்லாப் பாரு. பெயின்ட், பம்பர், துரு எல்லாம் ஒரிஜினல். அந்தக் கதவு நசுங்கல்கூட ஒரிஜினல்தான், உன் கைவேலை. தட்டி எடுத்துடலாம்னாங்க, நான் விடல.”

லெஸ்டர் சிரிக்கவில்லை. குனிந்து சீட்டைப் பார்த்தான். முப்பது வருஷம் சீட் தைத்தவனுக்குச் சீட்டைப் படிக்கத் தெரியும். ஓட்டுகிறவன் உட்காரும் இடப்பக்கம் தையல் விட்டு, நுரை பிதுங்கி, முதுகு அச்சு அப்படியே பதிந்திருந்தது. வலது சீட்டில் ஒரு சுருக்கம் இல்லை. விரலால் அழுத்தினான். ஆலையிலிருந்து அன்று காலை வந்தது போல் விறைப்பாய் இருந்தது. பின் சீட்டும் அப்படியே. நாற்பத்துமூன்று வருஷம்.

“யாருமே ஏறலையா?” என்று கேட்டான்.

“திறந்த வண்டிடா. ஏறினா ஊரே பாக்கும். எனக்கு நிச்சயமான டோராகிட்ட ஏறச் சொன்னேன். மோதிரத்தைக் கழட்டிக் குடுத்துட்டுப் போனா. துண்டறிக்கை நல்லாத்தான் எழுதியிருந்தே.”

“அன்னிக்கு நீ ஏன் ஆலைக்குள்ள போனே?”

“காரணம் சொன்னா உனக்கு இதமா இருக்கும். சொல்லமாட்டேன்.”

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். லெஸ்டர் ஓட்டினான். ஆர்வில் தடவித் தடவி வலது சீட்டில் உட்கார்ந்தான். அவனுக்கும் அதுதான் முதல் தடவை. முச்சந்தி வந்தது. இடப்பக்கம் திரும்பினால் கடைத்தெரு, சங்கக் கட்டடம். லெஸ்டர் தொப்பியைக் கீழே இழுத்துவிட்டு வலப்பக்கம் ஆற்றோரமாகத் திருப்பினான்.

“டயர் பழசு. ஆளில்லா ரோடுதான் நல்லது” என்றான்.

“நானும் எப்பவும் இந்தப் பக்கந்தான் திருப்புவேன்” என்றான் ஆர்வில்.

வேலைநிறுத்தம் செய்தது சரிதான். இன்று கேட்டாலும் லெஸ்டர் அதையே சொல்வான். ஆனால் அந்தச் சீட்டைப் பார்த்தபின் சரி என்பது மட்டும் போதவில்லை.

கொட்டகை வாசலில் பணம் கைமாறியது.

“என்ன கலர் அடிக்கப்போறே?” என்றான் ஆர்வில். “எனக்குத் தெரியாதா என்ன?”

“அடிக்கல.”

“அப்ப இதுல எவன்டா ஏறுவான்?”

லெஸ்டர் ஏறி உட்கார்ந்தான். ஊர்வலத்துக்கு நீயும் வா என்று சொல்ல வாய் வரவில்லை. வண்டியை எடுத்தான்.

இந்த முறை முச்சந்தியில் இடப்பக்கம் திருப்பினான். சங்க வாசலில் நான்கு கிழவர்கள் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் ஸ்டாஷ், காலடியில் ஆக்சிஜன் சிலிண்டர். நீலப்பச்சை கண்ணில் பட்டதுதான் தாமதம், நான்கு முகமும் ஒன்றாய்ச் சுவர்ப்பக்கம் திரும்பின. ஓட்டுவது யாரென்று ஒருவரும் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் ஆர்வில் பார்த்தது இதைத்தான்.

நிறுத்தினான். எட்டி வலது கதவைத் திறந்துவிட்டான்.

“ஸ்டாஷ், நான்தான். ஏறு.”

குரல் கேட்டு மற்ற மூவர் திரும்பினார்கள். ஸ்டாஷ் திரும்பவில்லை. “யாரு வண்டிடா அது?” என்றான். தெரிந்தேதான் கேட்டான்.

“ஆர்வில் வண்டி.”

ஸ்டாஷ் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். சிலிண்டர் உஸ் உஸ் என்றது. லெஸ்டர் எஞ்சினை அணைத்தான். கதவைச் சாத்தவில்லை.