ஓரக்காரர் வலது தடத்தில் ஏறிய நாள்

பல் மருத்துவமனையின் நடமாடும் சிகிச்சைக் கேரவனை ஜீப்பில் கோர்த்து ஊர் ஊராக இழுத்துப் போவது அவருக்கு இருபத்திரண்டு வருட வேலை. உள்ளே இருக்கும் சாய்வு நாற்காலியும் எக்ஸ்ரே கருவியும் அலுங்காமல் போய்ச் சேர வேண்டும். மூன்று தடச் சாலையில் எதையாவது இழுத்துப் போகிற வண்டி வலது கடைசித் தடத்தில் ஏறக்கூடாது என்பது விதி. நடுத்தடத்தில் போகலாம்தான். நம்மவருக்கு அதுகூட வேண்டாம், இடதோரமே சொர்க்கம். அதனால் பணிமனையில் அவருக்கு ஓரக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. கூடவே வரும் டாக்டரம்மா ஒருநாள் பொறுக்க முடியாமல், "நாம போறதுக்குள்ள அங்க எல்லாருக்கும் பல்லு தானா விழுந்துடும் போலிருக்கே!" என்றார். மனிதர் வாய்விட்டுச் சிரித்தார், தடம் மட்டும் மாறவில்லை.

அப்பேர்ப்பட்டவருடைய மகளுக்கு, நாள் குறித்ததற்கு மூன்று வாரம் முன்பே, காலை எட்டு மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. மருமகன் வெளியூரில். மனைவி போன் போட்டதும் பிரசவம் பார்க்கும் மருத்துவர் பதறினார். "குழந்தை குறுக்கே கெடக்கு. அரை மணிக்குள்ள கொண்டுவந்துடுங்க!"

மகளையும் மனைவியையும் தன் சின்னக் காரின் பின் இருக்கையில் உட்காரவைத்து ஓரக்காரர் கிளம்பினார். நெடுஞ்சாலையில் ஏறியதும் நேராக இடது தடத்துக்குப் போய், ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் நல்ல பிள்ளையாக ஒட்டிக்கொண்டார். அவசரம் தெரியாமல் இல்லை. ஆனாலும் பழக்கம் பொல்லாதது. பக்கத்துத் தடத்தில் இடைவெளி கிடைத்தபோதெல்லாம் கேரவனின் நீளத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, போதாது என்று விட்டுக்கொண்டே வந்தார். பத்து நிமிடம் இப்படியே கழிந்தது.

"ஏங்க, அந்த லாரிக்கு நாம என்ன காவலா? தாண்டிப் போங்க!"

"இரு, பின்னாடி இடம் பத்தாது."

"எதுக்குப் பத்தாது? பின்னாடி நானும் உங்க பொண்ணும்தான் இருக்கோம்!"

கண்ணாடியில் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த மகளின் முகம் மட்டுமே தெரிந்தது. ஹாரனை அழுத்தியபடி ஒவ்வொரு தடமாகத் தாண்டி, வலது கடைசிக்கே போய், காரைப் பறக்கவிட்டார்.

அறுவை சிகிச்சை செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. தாய்க்கும் பிள்ளைக்கும் குறையில்லை. "இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தா சிக்கல்தான்" என்று மருத்துவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தை பகல் முழுக்க ஓரக்காரரைப் பிடுங்கித் தின்றது. சாயங்காலம் மகளின் கட்டிலருகே போய் உட்கார்ந்தார்.

"மன்னிச்சுக்கம்மா. காரையும் கேரவன் மாதிரியே ஓட்டிட்டேன். பத்து நிமிஷத்த வீணாக்கிட்டேன். உனக்கு எவ்வளவு பயமா இருந்திருக்கும்!"

"அந்தப் பத்து நிமிஷமும் எனக்குப் பயமே இல்லப்பா" என்றாள் அவள். "அப்பா எப்பவும்போல ஓரமாத்தான் போறாரு, நமக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தைரியமா இருந்தேன். நீங்க வலது பக்கம் ஏறினீங்க பாருங்க, அப்பத்தான் அழுகை வந்துச்சு."