அண்ணியின் நடை விடுமுறை

ஓய்வெடுப்பதற்காக நடக்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்று முதன்முதலில் கேள்விப்பட்டபோது எங்கள் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ரெயூனியன் தீவின் நடுவில், சுற்றிலும் மலைச்சுவர் எழுந்து நிற்கும் பள்ளத்தில் இருக்கிறது எங்கள் மஃபாத். இன்றுவரை ரோடு கிடையாது. அரிசி வேண்டுமென்றாலும் நடை, டாக்டர் வேண்டுமென்றாலும் நடை, பெண் பார்க்கப் போவதென்றாலும் நடை. அப்படி நடந்தே தேய்ந்துபோன எங்களிடம் ஒருவன் வந்து, லீவு போட்டுவிட்டு நடக்க வந்திருக்கிறேன் என்றால் என்ன நினைப்போம்? வீட்டில் ஏதோ சண்டை என்றுதான் நினைத்தோம்.

அப்படி வந்த முதல் ஜோடியை வீட்டுக்குள் விட்டவர் என் அண்ணி ஓர்த்தான்ஸ். பிரான்ஸிலிருந்து வந்த வாத்தியாரும் அவர் மனைவியும் மழையில் தொப்பலாக நனைந்து வாசலில் நின்றார்கள். என் அண்ணன் சில்வேர் சோளம் காயவைக்கிற கொட்டகையில் அவர்களுக்குப் பாய் போட்டான். அண்ணி சோறும் பீன்ஸும் சௌசௌ கறியும் வைத்தார். வாத்தியார் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த வருஷமும் வரலாமா என்று கேட்டார்.

"ஒரு தடவ வழி தவறி வந்தா பாவம்னு சோறு போடலாம். வருஷா வருஷமா வழி தவறுவீங்க?" என்று அண்ணி கேட்டது இன்றும் எங்கள் ஊரில் சொல்லிச் சிரிக்கிற பேச்சு.

அவர்கள் வந்தார்கள். அவர்கள் சொல்லி வேறு பலரும் வந்தார்கள். கொட்டகை அறையாயிற்று, பக்கத்தில் இன்னோர் அறை முளைத்தது, நீளமாக ஒரு சாப்பாட்டு மேஜையும் வந்து சேர்ந்தது. அண்ணன் செத்துப்போன பிறகும் அண்ணி விடவில்லை. சாயங்காலம் மேகம் இறங்குகிற நேரத்தில் அவருடைய தகரக் கூரைமேல் புகை எழுந்தால், பக்கத்தில் கடை வைத்திருக்கிற எனக்கும் சாப்பாடு உண்டு என்று அர்த்தம். கல்யாணம் காட்சி என்று எதுவும் பண்ணிக்கொள்ளாத எனக்கு அதுதான் வீடு.

அண்ணியை நினைத்தால் எனக்கு முதலில் அவருடைய கால்கள்தான் ஞாபகத்துக்கு வரும். தப்பாக நினைக்க வேண்டாம். அந்த நாளில் நாங்கள் வெறுங்காலில்தான் நடப்போம். ஆளுக்கு ஒரு ஜோடி நல்ல ஷூ இருக்கும். அதை மூட்டையில் வைத்துக் கட்டி, கணவாய் உச்சி வரைக்கும் சுமந்துகொண்டு போவோம். அங்கே தட்டையாக ஒரு கல். அதில் உட்கார்ந்து, ஈர இலையால் காலைத் துடைத்து, ஷூவை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கினால் டவுன் வந்துவிடும். திரும்பி வரும்போது அதே கல்லில் உட்கார்ந்து கழற்றினால்தான் மறுபடி ஊர்க்காரன்.

அண்ணன் கல்யாணம் டவுன் சர்ச்சில் நடந்தது. திரும்பும்போது கல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிய அண்ணி, கல்யாண கவுனை முழங்காலுக்கு மேலே இழுத்துச் செருகிக்கொண்டு இறக்கத்தில் ஓட ஆரம்பித்தார். மாப்பிள்ளை பின்னால் "நில்லு, நில்லு" என்று கத்திக்கொண்டு ஓடினான். கேக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் அவனுக்கும் பின்னால். வீடு வந்து பார்த்தால் மணப்பெண் வாசலில் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருக்கிறார், கேக்கோ கூழாகிக் கிடக்கிறது. இறக்கத்தில் அவரை மிஞ்ச மஃபாத்தில் ஆளே கிடையாது.

போன மழைக்காலத்தில் அதே அண்ணி ஓடைக்கு இறங்குகிற இடத்தில் விழுந்தார். முழங்கால் பூசணிக்காயாக வீங்கியது. மகள் மிலேன் கீழே கடற்கரையோரம் சென்-போலில் இருக்கிறாள், பள்ளிக்கூட கான்டீனில் வேலை. அவள் போனில் அழுதாள், பிறகு திட்டினாள்.

"ஹெலிகாப்டருக்குச் சொல்றேன். பேசாம வந்துடும்மா."

"காஸ் சிலிண்டரும் நானும் ஒண்ணா தொங்கிட்டு வரணுமா? போடி வேலையப் பாத்துக்கிட்டு!"

ரோடு இல்லாத எங்கள் ஊருக்கு இப்போதெல்லாம் காஸ் சிலிண்டர் ஹெலிகாப்டரில் தொங்கிக்கொண்டுதான் வரும். மாதக்கணக்கில் இந்த இழுபறி நடந்தது. கடைசியில் ஒருநாள் மிலேன் வேறு மாதிரி பேசினாள். என் கடையில்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால் ஒரு வார்த்தை விடாமல் நானும் கேட்டேன்.

"வாழ்நாள் பூரா நடக்க வர்றவங்களுக்கு ஆக்கிப் போட்ட இல்ல? ஒரே ஒரு தடவ நீ விருந்தாளியா நட. ஜிஸ்லேன் சித்தி வீட்ல ஒரு ராத்திரிக்கு ரூம் போட்டிருக்கேன். மறுநாள் கணவாய்க்கு ஏறி வா, அந்தப் பக்கம் உச்சி வரைக்கும் ரோடு இருக்கு, நான் கார்ல காத்திருக்கேன். உன் கால்லயே ஏறி வந்துட்டா, இனிமே வான்னு ஒரு வார்த்த கூப்பிட மாட்டேன். முடியலைன்னா என்கூட சென்-போலுக்கு வந்துடணும். சரியா?"

"சரி" என்றார் அண்ணி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காப்பி வேண்டுமா என்று கேட்டால்கூட மூன்று தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் வாங்கிக் குடிக்கிற மனுஷி அவர். துணைக்கு நான் போவதாக ஏற்பாடு. கிளம்புவதற்கு முன்னால், பாதையோரச் சிவப்பு மாடத்தில் நிற்கிற சென் எக்ஸ்பெதி சாமிக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, அண்ணி எப்படியாவது கணவாய் ஏறிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டுதல் அண்ணிக்காக மட்டும் இல்லை. அவர் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

புறப்படும்போதே சண்டை. அண்ணியின் முதுகுப்பை புடைத்துக்கொண்டிருந்தது, மேலே சௌசௌக்காய்கள் எட்டிப் பார்த்தன.

"ஒரு ராத்திரி விடுமுறைக்கு இவ்ளோ மூட்டையா? விருந்தாளிங்க தண்ணி பாட்டிலும் தொப்பியுமாத்தான் வருவாங்க. இங்க குடுங்க, நான் தூக்கறேன்."

"கைய எடு. வெறும் முதுகோட எனக்கு நடக்கத் தெரியாது. காத்துல பறந்துடுவேன்."

நடந்தோம். விடுமுறை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அண்ணிக்குப் புரியவில்லை. போகிற வழியில் காய்ந்த சுள்ளியைக் கண்டால் குனிந்து பொறுக்கினார். "வேண்டாம் அண்ணி, இன்னிக்கு நீங்க விருந்தாளி" என்று நான் பிடுங்கி எறிந்தேன். பத்தடி போனதும் அடுத்த சுள்ளி. பேச்சும் நிற்கவில்லை. இந்த வளைவில்தான் அண்ணன் முதன்முதலில் அவரிடம் பேசினானாம். என்ன பேசினான் என்று கேட்டேன்.

"'உன் மூட்ட சாயுது'ன்னாரு. அவ்ளோதான். அடுத்த வார்த்த பேச ஒரு வருஷமாச்சு உங்கண்ணனுக்கு."

ஓடைக்கு இறங்குகிற இடம் வந்தது. அண்ணி திரும்பி நின்று, வேரைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக ஒவ்வொரு படியாகக் காலை விட்டார். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணி, நண்டு மாதிரி?"

"வாய மூடிட்டு முன்னால போ."

அந்தச் சின்ன இறக்கத்துக்கே வெகுநேரம் ஆயிற்று. அப்புறம் ஏற்றம். ஏற்றத்தில் பழைய அண்ணிதான். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

ஜிஸ்லேன் அண்ணியோடு ஒன்றாக வளர்ந்தவள். இப்போது தொழிலில் போட்டி. யார் வீட்டுக் கறி ருசி என்று நடப்பவர்களிடம் கேட்டுக் கேட்டே இருவருக்கும் வயசாகிவிட்டது. சௌசௌக்காயை வாங்கிக்கொண்ட ஜிஸ்லேன், "இங்க விளையாததையா கொண்டாந்த? உக்காருடி விருந்தாளி!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

மேஜைக்கு முன்னால் உட்காருவது அண்ணிக்குத் தண்டனையாக இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த இளம் ஜோடி பாத்ரூம் எந்தப் பக்கம் என்று சரியாக அவரைப் பார்த்தே கேட்டது. எழுந்துபோய் வழி காட்டிவிட்டு வந்தார். யாரோ தண்ணீர் கேட்டார்கள், அதையும் கொண்டுவந்தார். தட்டை அடுக்க ஆரம்பித்ததும் ஜிஸ்லேன் கரண்டியோடு பாய்ந்து வந்தாள்.

"இன்னொரு தட்டத் தொட்ட, கைய ஒடிச்சிடுவேன்!"

"கறில உப்பு கம்மி" என்றார் அண்ணி, பழிவாங்க வேறு வழி இல்லாமல்.

விடிவதற்குள் எனக்கு முழிப்புத் தட்டியது கூச்சலில்தான். பழக்கதோஷத்தில் அண்ணி எழுந்துபோய் ஜிஸ்லேனின் அடுப்பை மூட்டி, எல்லோருக்கும் காப்பி வடித்து, நேற்றைய சாம்பலையும் வாரிக் கொட்டியிருந்தார். "என் அடுப்புல கை வைக்க நீ யாருடி?" என்று ஜிஸ்லேன் கத்த, "காப்பி எப்படி இருக்கு, அதச் சொல்லு முதல்ல" என்று அண்ணி கேட்க, குடித்துப் பார்த்த ஜிஸ்லேன் இன்னொரு கோப்பை ஊற்றிக்கொண்டாள். பிறகு இரண்டு பேரும் அடுப்படியிலேயே உட்கார்ந்து பழைய டான்ஸ் ராத்திரிகளைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். கிளம்பும்போது ஜிஸ்லேனைக் கட்டிக்கொண்ட அண்ணி விடவே இல்லை. "கணவாய்க்குத்தானடி போற, என்னமோ பாரீஸ் போற மாதிரி" என்று அவள் உதறினாள்.

கணவாய்க்குக் கீழே, கடைசி வளைவில், பாறையில் மார்புயரத்துக்கு ஒரு திட்டு உண்டு. எங்கள் சுமைதாங்கி அது. தலைச்சுமையை அதன்மேல் இறக்கி, உருண்டுவிடாமல் கையால் பிடித்தபடி பாறையைப் பார்த்துக்கொண்டே மூச்சு வாங்குவோம். மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு நடப்போம். தலையில் சுமை இருக்கிறவன் காலடியைத்தான் பார்ப்பான். அன்றைக்கு அண்ணி பையைத் திட்டில் வைத்தார். பை உருளவில்லை. பிடிக்க வேண்டிய வேலை இல்லாததால் திரும்பி நின்றார்.

மேகம் இன்னும் ஏறவில்லை. மஃபாத் முழுதும் கீழே விரிந்து கிடந்தது. பச்சை மடிப்புகள், வெள்ளிக் கோடாக ஓடை, எதிர்ச்சுவரில் காலை வெயில், மேடுகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகள். அண்ணி நெற்றிக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"இதையா பாக்க வர்றாங்க?"

"இதத்தான்."

"யாராச்சும் எங்கிட்டச் சொல்லியிருக்கலாம் இல்ல?"

"தினமும்தான் சொன்னாங்க அண்ணி. நீங்க பாத்திரம் கழுவிட்டு இருந்தீங்க."

தன் தகரக் கூரையை விரலால் தேடிக் கண்டுபிடித்தார். "அதுவா? அம்மாடி, அவ்ளோ சின்னதா! அதுக்குள்ளயா அத்தன பேருக்குச் சோறு போட்டேன்?" என்றார். அப்புறம் அழுதார். மறைக்கக்கூட இல்லை. சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டேன், ஏனென்றால் கணவாய் கூப்பிடு தூரத்தில் இருந்தது, நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

உச்சியில் காத்திருந்த மிலேன் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "ஏறிட்டியே! என்னம்மா நீ! சரி, சொன்னா சொன்னதுதான். இனிமே உன்னக் கூப்பிட மாட்டேன்" என்று சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. நான் தொப்பியை வானத்தில் எறிந்து பிடித்தேன். எக்ஸ்பெதி சாமிக்கு இன்னொரு மெழுகுவர்த்தி என்று அங்கேயே நேர்ந்துகொண்டேன்.

அண்ணி தட்டைக் கல்லில் உட்கார்ந்து பையைத் திறந்தார்.

"கிளெமான், கொஞ்சம் இலை பறிச்சுக் குடு."

என் கை தொப்பியோடு அப்படியே நின்றுவிட்டது. பைக்குள்ளே ஞாயிற்றுக்கிழமை கவுன் மடித்திருந்தது. அண்ணனுக்குச் சோறு வடித்த சின்னப் பானை இருந்தது. அடியிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை வெளியே எடுத்தார். பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. மிலேனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஹெலிகாப்டர் காலத்துப் பிள்ளை, அவளுக்கு எப்படிப் புரியும்?

"அண்ணி, நீங்க ஜெயிச்சுட்டீங்க" என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

"ஏறணும்னுதானே இவ சொன்னா? ஏறத்தான் என்னால முடியும். இறங்க முடியலடா. ஓடையில நீயே பாத்த இல்ல? வீட்டுக்கு வெளிய எந்தப் பக்கம் திரும்பினாலும் இறக்கம். இனி அங்க நான் இருந்தா, நீ என்னத் தூக்கிச் சுமக்கணும்."

"சுமப்பேன். நான் என்ன கிழவனா?"

"ஏற்றத்துல உன் மூச்சுச் சத்தம் கேட்டுக்கிட்டுத்தான வந்தேன்."

"தெரிஞ்சும் அப்புறம் எதுக்குப் பந்தயம்?"

"தோத்துட்டு அந்த ஊர விட்டு வர எனக்கு இஷ்டமில்ல."

மிலேன் அம்மாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். நான் போய் இலை பறித்தேன். பனியில் நனைந்த இலை. என்னுடைய அழுகையையும் அந்த மரத்தடியிலேயே முடித்துக்கொண்டு வந்தேன். அண்ணி நிதானமாக இரண்டு பாதங்களையும் துடைத்து, ஷூவை மாட்டி, கயிறு கட்டினார். கழற்றிய ரப்பர் செருப்பை என்னிடம் நீட்டினார்.

"அடுப்படிக் கதவுகிட்ட வை. வந்தா வேணும்."

"எப்படி வருவீங்க? இறங்க முடியாதே?"

"காஸ் சிலிண்டரோட தொங்கிட்டு வரேன். போறதுக்குத்தான் தொங்க மாட்டேன்னேன். வர்றதுக்குத் தொங்குவேன்." கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். "இன்னிக்கு ஒரு கூட்டம் வருது. விறகு அடுக்கி வச்சிருக்கேன். பீன்ஸ் அளந்து பானையில இருக்கு. இஞ்சியக் கடைசில போடு."

கார் அந்தப் பக்கம் இறங்கி மறைகிற வரைக்கும் நின்றேன். அப்புறம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஊருக்கு இறங்கினேன். பாதி வழியில் வியர்த்து வழிந்துகொண்டு ஒரு கூட்டம் வழி தேடி நின்றது. ஓர்த்தான்ஸ் வீட்டுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று ஒரு பெண் கேட்டாள்.

"பக்கத்துலதான்மா. மெதுவா வாங்க, நான் முன்னால போய் அடுப்ப மூட்டறேன்" என்றேன். "உப்பு கம்மியா இருந்தா இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோங்க."